பஜ்பெ மேட்டின் சரித்திரம்

மங்களூர் நகரத்துக்கு வடகிழக்கே, பஜ்பெ, கெஞ்சாறு என்னும் ஊர்களை ஒட்டி எழுந்து நிற்கும் ஒரு குன்றின் உச்சியில், கடல் மட்டத்துக்குச் சற்றேறக்குறைய நூறு மீட்டர் உயரத்தில், ஒரு விமான நிலையம் அமைந்திருக்கிறது. தேசத்தின் பெரிய நகரங்களில் உள்ள நிலையங்களோடு ஒப்பிட்டால் அது அளவில் சிறியதுதான். ஆனால் அந்த மேட்டில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்தவற்றை ஒருவர் பொறுமையோடு படித்துப் பார்த்தால், ஒரு பிரதேசத்தின் ஆசைகள் எவ்வாறு நிலத்தின் இயல்போடு மோதின என்பதும், முன்கூட்டியே சொல்லப்பட்ட எச்சரிக்கைகள் எவ்வாறு காகிதங்களிலேயே தங்கிவிட்டன என்பதும், அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதும் தெளிவாக விளங்கும்.

குன்றின் உச்சியில் விமான நிலையம் கட்டுவானேன் என்ற கேள்விக்கு விடை, அந்தக் கடற்கரையின் பூகோளத்திலேயே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக் கடலுக்கும் நடுவே அகப்பட்ட அந்த நிலத்துண்டு, நம் சோழ நாட்டுச் சமவெளியைப்போல விரிந்து கிடப்பதன்று. கடலோரத்தில் சிறிது மணற்பரப்பு, ஆறுகளின் இருமருங்கும் நெல் விளையும் தாழ்ந்த பள்ளங்கள், அவற்றுக்கிடையே அலையலையாக எழும் குன்றுகள் என்பதே அதன் அமைப்பு. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் அந்த நாட்டில், பள்ளங்கள் பருவ காலத்தில் நீரில் ஆழ்ந்துவிடும்; நேத்ராவதியும் குருபுரா ஆறும் கரை புரண்டால் வயல்கள் ஏரிகளாகும். நீண்ட, நேரான, உலர்ந்த ஒரு துண்டு நிலம் வேண்டுமென்று தேடுபவர்கள் மேட்டையே நோக்க வேண்டியிருந்தது.

அந்த மேடுகளும் விசேஷமானவை. செம்புரைக்கல் என்று நாம் வழங்கும் துளைகள் நிறைந்த செந்நிறக் கல் அவற்றுக்குக் கவிகைபோல மேலே படர்ந்திருக்கிறது. வெட்டும்போது கோடரிக்கு இணங்கும் மென்மையும், காற்றும் வெயிலும் பட்டபின் இறுகிவிடும் உறுதியும் உடைய இந்தக் கல்லை, 1800-ஆம் ஆண்டு மைசூர், கன்னட, மலையாள நாடுகளின் வழியே பிரயாணம் செய்யத் தொடங்கிய பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், மலபாரைச் சேர்ந்த அங்காடிப்புறத்தில் கண்டு ஆராய்ந்து, 1807-இல் வெளியான தம் நூலில் முதன்முதலாக விவரித்தார். மேலே உள்ள இந்தக் கடினமான தளம் மழையைத் தாங்கி நிற்க, விளிம்புகளை மட்டும் நீர் அரித்துச் செல்வதனால், உச்சி தட்டையாகவும் பக்கங்கள் செங்குத்தாகவும் அமைந்த குன்றுகள் கன்னடக் கரை முதல் மலபார் வரை நிறைந்திருக்கின்றன. ஓடுபாதைக்கு உகந்த தட்டையான தளத்தையும், அதன் இரு கோடிகளிலும் பாதாளத்தையும் இயற்கை ஒருசேரக் கொடுத்திருக்கிறது. பிற்காலத்தில் மேசை விமான நிலையங்கள் என்று பெயர் பெற்றவற்றின் பிறப்பு ரகசியம் இதுவே.

மங்களூர் ஏன் விமானத்தை விரும்பியது என்பதையும் சொல்ல வேண்டும். திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் 1799-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த கன்னட ஜில்லாவின் தென்பகுதி, நெடுங்காலம் சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்தது. 1865-இல் பாஸல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் அங்கே தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலை, மங்களூர் ஓடு என்ற பெயரைத் தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகளின் கூரை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. 1907-இல் சென்னையிலிருந்து சென்ற ரயில் பாதை மங்களூரை எட்டிற்று. கனரா வங்கி முதலாகப் பல வங்கிகள் அந்த ஜில்லாவிலேயே பிறந்தன. கல்வியிலும் வாணிபத்திலும் இவ்வளவு முன்னேறிய ஊர், பம்பாயிலிருந்து பிரிந்து நிற்பதைப் பொறுக்கவில்லை. வடக்கே ஒன்றன்பின் ஒன்றாக ஆறுகள் குறுக்கிட, கிழக்கே மலைத்தொடர் சுவராக நிற்க, ஆகாய மார்க்கமே அதற்குக் குறுக்கு வழியாகத் தோன்றியது.

இவ்வாறு, 1951-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 25-ஆம் தேதி, பஜ்பெ விமானத்தளம் திறக்கப்பட்டது. தேசத்தின் முதல் பொதுத் தேர்தல் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில், டக்ளஸ் டி.சி.3 ரக விமானம் ஒன்றில் பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேரு அங்கே வந்து இறங்கினார். அன்று அந்த மேடு சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது என்பதை இன்றைய தமிழ் வாசகர்களில் பலர் மறந்திருக்கக்கூடும். 1956 நவம்பர் முதல் தேதி ராஜ்யங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, தென் கன்னட ஜில்லாவின் பெரும்பகுதி மைசூரையும், காசர்கோடு கேரளத்தையும் சேர்ந்தன. எனினும் காசர்கோட்டு மக்களுக்கு அருகிலிருந்த விமான நிலையம் பஜ்பெதான். பிற்காலத்தில் துயரமும் அந்த எல்லைக்கோட்டைப் பொருட்படுத்தாமல் இரு ராஜ்யங்களின் வீடுகளுக்குள்ளும் புகுந்தது.

முதலில் அமைந்த ஓடுபாதையின் நீளம் 1,615 மீட்டர். டி.சி.3 போன்ற மெதுவான விமானங்களுக்கு அது தாராளமாகவே இருந்தது. 1953-இல் தனியார் கம்பெனிகள் தேசியமயமாக்கப்பட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் உருவான பின், அக்கம்பெனியின் டக்கோட்டாக்களும், அவற்றுக்குப் பின் கான்பூரில் உருவாக்கப்பட்ட ஆவ்ரோ விமானங்களும் சிறிய ஊர்களைப் பெரிய நகரங்களோடு இணைத்துவந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல விமானங்கள் கனத்தன, வேகம் கொண்டன, பிரயாணிகளும் பெருகினர்; குன்றின் நீளம் மட்டும் வளரவில்லை.

முதல் எச்சரிக்கை 1981 ஆகஸ்டு 19-ஆம் தேதி வந்தது. மழைக்காலம், ஓடுபாதை ஈரமாக இருந்தது. இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம் ஒன்று தரையைத் தொட்டபின் பாதைக்குள் நிற்காமல் முனையைத் தாண்டிச் சென்று, விளிம்புக்குச் சற்று அப்பால் நின்றுவிட்டது. விமானம் மீண்டும் பறக்க இயலாதவாறு சேதமுற்றது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் உயிரிழக்கவில்லை. அப்போது கர்நாடகத்தின் நிதி மந்திரியாக இருந்து பின்னர் முதல் மந்திரியான வீரப்ப மொய்லியும் அந்தப் பிரயாணிகளில் ஒருவர். உயிர்ச்சேதம் இல்லாததனால் அந்தச் சம்பவம் விரைவில் மறக்கப்பட்டது. விபத்துகளின் சரித்திரத்தில் இத்தகைய தப்பித்தல்களே மிகுந்த மதிப்புடையவை. ஏனெனில், பெரிய விலை எதையும் வாங்காமல் அவை பாடம் சொல்கின்றன. ஈரமான பாதையின் முனையைத் தாண்டுகிற விமானத்துக்கு இந்த மேட்டில் இடமில்லை என்ற உண்மையை, மனித உயிர் எதையும் பறிக்காமல், அந்த ஆகஸ்டு மாதமே சொல்லிவிட்டது.

இதனிடையே அந்தக் கரையின் வாழ்க்கை மாறிக்கொண்டிருந்தது. எழுபதுகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் சென்றவர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் பெருகிற்று. கட்டிடத் தொழிலாளர், கணக்கர், செவிலியர், கடைச் சிப்பந்திகள் என்று எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள், துபாயிலிருந்து பம்பாய் வந்து, அங்கிருந்து பேருந்திலோ ரயிலிலோ ஊர் சேர வேண்டியிருந்தது. நேரடியாக ஊருக்கே விமானம் வேண்டும் என்பது அவர்களுடைய ஆடம்பர ஆசையன்று; விடுமுறையில் இரண்டு நாட்கள் மிச்சமாகும் என்ற நியாயமான விருப்பம். அதற்குப் பெரிய விமானம் வேண்டும். பெரிய விமானத்துக்கு நீண்ட பாதை வேண்டும். எனவே அதே மேட்டில் இரண்டாவது ஓடுபாதை ஒன்றை அமைக்கத் திட்டம் எழுந்தது.

இந்தத் திட்டத்தைச் சுற்றுப்புறத்து மக்கள் வாய்மூடி ஏற்றுக்கொள்ளவில்லை. நிலம் இழப்பவர்களின் வருத்தம் எந்தத் திட்டத்திலும் இருக்கக்கூடியதே. ஆனால் பஜ்பெ மக்கள் எழுப்பிய ஆட்சேபம் அதற்கு மேற்பட்டது. உத்தேச ஓடுபாதையின் கோடிகளில் நிலம் திடீரென்று பள்ளத்தாக்காக இறங்குகிறது, அவசர காலத்தில் விமானம் ஓடி நிற்பதற்கு அங்கே போதிய இடமில்லை, சர்வதேச நியமங்கள் கேட்கும் பாதுகாப்புப் பரப்பு கிடைக்காது என்று அவர்கள் சொன்னார்கள். பெங்களூரில் இயங்கும் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பின் துணையோடு, 1997-லும் மறுபடியும் 2002-லும் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குகள் தொடுத்தார்கள். வழக்குகள் நிலைக்கவில்லை. 2003-இல் உச்ச நீதிமன்றமும் அவர்களுடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆயினும், நிலையத்தைக் கட்டும்போது பொருந்தும் சட்டங்களையும் சுற்றுச்சூழல் நியமங்களையும் அரசாங்கம் அனுசரிக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்லிற்று. சாதாரணக் கிராமத்தார் சிலர், விபத்து நிகழ்வதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, அது எந்தத் திசையிலிருந்து வரக்கூடும் என்பதை எழுத்தில் எழுதி நீதிமன்றத்தில் கொடுத்தார்கள் என்பது இந்தச் சரித்திரத்தில் மறைக்க முடியாத உண்மை.

2006 ஜனவரியில் 2,450 மீட்டர் நீளமுள்ள புதிய ஓடுபாதை பயன்பாட்டுக்கு வந்தது. அடியளவில் சொன்னால் 8,038 அடி. அந்த ஆண்டு அக்டோபரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கம்பெனியின் விமானம் துபாய்க்கு நேரடியாகப் பறக்கத் தொடங்கியது. கெஞ்சாறு பக்கத்தில் புதிய முனையக் கட்டிடமும் எழுந்தது. 2010 மே மாதம் 15-ஆம் தேதி அது கோலாகலமாகத் திறந்துவைக்கப்பட்டது. ஊர் தன் நெடுநாள் கனவு நிறைவேறியதாக மகிழ்ந்திருந்த அந்த நாளிலிருந்து சரியாக ஒரு வாரத்தில் இடி விழுந்தது.

மே 22, சனிக்கிழமை. துபாயிலிருந்து நள்ளிரவுக்குப் பின் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812-ஆம் இலக்க விமானம், 160 பிரயாணிகளோடும் 6 சிப்பந்திகளோடும் மங்களூரை நெருங்கிக்கொண்டிருந்தது. போயிங் 737-800 ரகத்தைச் சேர்ந்த அந்த விமானத்தில் யாதொரு கோளாறும் இருக்கவில்லை. வானிலையும் குற்றம் சொல்ல இடமின்றி இருந்தது. காற்று அமைதி, பார்வைக்கு ஆறு கிலோமீட்டர் தெளிவு, மழையும் இல்லை. தலைமை விமானி பதினாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவசாலி. ஊரில் சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். காலை ஆறு மணி கடந்து சில நிமிஷங்களில், அந்த விமானம் ஓடுபாதையின் முனையைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் விழுந்து தீப்பற்றிற்று. 158 பேர் மாண்டனர். பிளந்த உடற்பகுதியின் வழியே வெளியேறிய 8 பேர் மட்டும் பிழைத்தனர்.

ஏர் மார்ஷல் பி.என்.கோகலேயின் தலைமையில் அமைந்த விசாரணை மன்றம், ஒலிப்பதிவுக் கருவியையும் ஏனைய பதிவுகளையும் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, விபத்து ஒரே கணத்தில் விளைந்ததன்று, சிறிது சிறிதாகச் சேர்ந்து முற்றியது என்பதைக் காட்டுகிறது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட அந்த ஒலிப்பதிவில், முதல் ஒரு மணி நாற்பது நிமிஷ காலம் தலைமை விமானி ஆழ்ந்த உறக்கத்தில் இருந்ததற்கான சப்தங்களே கேட்டன. இரவின் பின்பகுதியில் மனித சரீரம் இயல்பாகவே தளர்ந்திருக்கும். திடுமென விழித்தவனுடைய மூளை முழுத் தெளிவை அடையச் சில நிமிஷங்கள் செல்லும். அந்தச் சில நிமிஷங்களே இறங்குவதற்குரிய கணக்குகளைப் போட வேண்டிய நிமிஷங்களாக அமைந்தன.

மற்றொரு காரணமும் சேர்ந்தது. மங்களூரின் ரேடார் இரண்டு நாட்களுக்கு முன்னர், மே 20-ஆம் தேதி முதல், பழுதுபட்டுக் கிடந்தது. ரேடார் இல்லாதபோது, விமானங்களைத் தூரக் கணக்கைக்கொண்டே ஒழுங்குபடுத்த வேண்டியிருப்பதால், கட்டுப்பாட்டு அதிகாரி இறங்க அனுமதி அளிப்பதைத் தாமதித்தார். 37,000 அடி உயரத்தில் பறந்த விமானம், ஓடுபாதைக்கு ஏறத்தாழ எண்பது கடல் மைல் தொலைவு வந்த பின்னரே இறங்கத் தொடங்கிற்று. தாமதத்தை ஈடுசெய்ய முன்னதாகவே வேகத்தைக் குறைத்துச் சரிவைத் திட்டமிட்டிருக்கலாம், அது நடைபெறவில்லை. கடைசிக் கட்டத்தில் இருக்க வேண்டிய உயரத்தைப்போல ஏறக்குறைய இருமடங்கு உயரத்தில் விமானம் இருந்தது.

அந்த நிலையிலும் பரிகாரம் ஒன்று எஞ்சியிருந்தது. அது விமானிகள் அனைவரும் முதல் பாடமாகக் கற்பது. இறக்கம் சரியாக அமையாவிட்டால் முயற்சியைக் கைவிட்டு, மீண்டும் மேலெழும்பிச் சுற்றிவந்து புதிதாகத் தொடங்க வேண்டும். துணை விமானி இதை உணர்ந்தார். மேலெழும்பும்படி மூன்று முறை சொன்னார். தரையை நெருங்குவதை அறிவிக்கும் கருவியும் ஓயாமல் எச்சரித்தது. ஓடுபாதையின் தொடக்கத்தை 50 அடி உயரத்திலும் 144 நாட் வேகத்திலும் கடக்க வேண்டிய விமானம், சுமார் 200 அடி உயரத்தில், 160 நாட்டுக்கு மேற்பட்ட வேகத்தில் கடந்தது. பாதையின் பாதிக்கு மேல் காற்றிலேயே வீணாயிற்று. சுமார் 5,200 அடி தாண்டிய பிறகே சக்கரங்கள் நிலையாகத் தரையில் பதிந்தன. எஞ்சியது 2,800 அடி.

அப்போதும் முழு வலுவோடு தடையை அழுத்தியிருந்தால் விமானத்தை நிறுத்தியிருக்கலாம் என்றே விசாரணை மன்றம் கருதிற்று. ஆனால், எதிர்விசையை இயக்கிய சில விநாடிகளில், தலைமை விமானி தம் மனத்தை மாற்றிக்கொண்டு மீண்டும் மேலெழும்ப முயன்றார். தரையிறங்கி எதிர்விசையை இயக்கிய பின் அவ்வாறு செய்யலாகாது என்பது விமானத்தைக் கட்டியவர்கள் வகுத்த விதி. நிற்கவும் இயலாமல், பறக்கவும் இயலாமல், பாதையின் முனையைத் தாண்டிய விமானம், 90 மீட்டர் நீளமுள்ள மணற்பரப்பையும் கடந்து, வழிகாட்டும் அலைவாங்கியைத் தாங்கி நின்ற கான்கிரீட் கட்டுமானத்தின்மீது வலது இறக்கை மோத, எரிபொருள் சிதறப் பள்ளத்தில் வீழ்ந்தது.

துணை விமானி ஏன் தாமே விசையைக் கைப்பற்றவில்லை என்று கேட்பது எளிது. விசாரணை மன்றம் அந்தக் கேள்விக்கு அளித்த விடையில் ஆழ்ந்த உண்மை இருக்கிறது: இறக்கத்தைக் கைவிடும் அதிகாரம் துணை விமானிக்கு எந்த அளவு உண்டு என்பது பற்றிய விதிகள் பலவாறாகவும் தெளிவின்றியும் இருந்தன, அதனால்தான் அவர் வாயால் சொன்னாரேயன்றிக் கையால் செய்யவில்லை போலும் என்று அது கருதிற்று. மூத்தவர் சொல்லை மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று குழந்தைப் பருவம் முதல் பழகிய நம் சமூகத்தில், இந்த வாக்கியத்தை விமானிகள் மட்டுமன்றி எல்லோருமே படித்துச் சிந்திக்க வேண்டும். நூற்றுக்கணக்கான உயிர்கள் ஒருவருடைய கையில் இருக்கும்போது, பக்கத்தில் இருப்பவரின் பணிவு ஒரு குணமாக இராது.

பள்ளத்தாக்கை அடையும் வழி குறுகலாகவும் சரிவு செங்குத்தாகவும் இருந்தன. முதலில் ஓடிவந்தவர்கள் கெஞ்சாற்றைச் சுற்றியிருந்த கிராமவாசிகளே. பிழைத்தவர்களுக்குக் கை கொடுத்தவர்களும் அவர்களே. அந்த ஓடுபாதை வேண்டாமென்று மன்றாடியவர்களின் ஊரார்தாம் அதன் முனையில் விழுந்தவர்களைச் சுமந்தார்கள். தீயில் கருகிய உடல்களை அடையாளம் காண்பது பெரும் வேதனையாயிற்று. ஹைதராபாத்திலுள்ள மரபணு ஆய்வு மையத்தில் சோதனைகள் நடந்தன. அவற்றுக்குப் பின்னும் உரியவர் இன்னாரென்று அறிய முடியாத 12 உடல்கள், மங்களூரை அடுத்த கூளூரில், குருபுரா என்றும் பல்குனி என்றும் வழங்கும் ஆற்றின் கரையில், எல்லா மதத்தவர் பிரார்த்தனைகளோடும் ஒருங்கே அடக்கம் செய்யப்பட்டன. இன்று அங்கே நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது.

உறவினரை இழந்தவர்களின் அலைச்சல் அத்தோடு ஓயவில்லை. சர்வதேச விமானப் பிரயாணத்தில் நேரும் மரணங்களுக்கு நஷ்டஈடு வகுக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல்தான் சேர்ந்திருந்தது. அதன்படி குறைந்தபட்சத் தொகை எல்லோருக்கும் உண்டா, அல்லது ஒவ்வொருவருடைய வருமானத்தைக் கணக்கிட்டே கொடுக்க வேண்டுமா என்பது வழக்காயிற்று. 2011-இல் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் குறைந்தது 75 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தார். அந்த ஆண்டே அந்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிற்று. ஒரு குடும்பத்துக்கு 7.64 கோடி ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2020 மே மாதத்தில். அதாவது, விபத்து நிகழ்ந்து பத்து ஆண்டுகள் கழிந்த பின். நன்கு சம்பாதித்தவரின் குடும்பம் பத்தாண்டு காலம் வழக்காடித் தன் உரிமையைப் பெறலாம். கூலித் தொழிலாளியின் விதவைக்கு அந்தச் சக்தி ஏது?

விசாரணை மன்றத்தின் பரிந்துரைகள் பல. புதிய நிலையங்களுக்குக் கூடியவரை மேட்டு உச்சிகளைத் தவிர்க்க வேண்டும்; ஓடுபாதை முனைகளில், விமானத்தின் பாரத்தில் நொறுங்கிச் சக்கரங்களைப் பற்றிக்கொள்ளும் விசேஷத் தளங்களை அமைக்க வேண்டும்; முனையருகே நிற்கும் கட்டுமானங்கள் மோதியவுடன் எளிதில் முறிபவையாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அது கூறிற்று. மேற்பார்வை செய்யும் இலாகாவே விபத்தையும் விசாரிக்கும் பழைய வழக்கம் மாறி, 2012-இல் விபத்து விசாரணைக்கென்று தனிப் பணியகம் ஏற்பட்டது நல்ல பயனாகும். இருப்பினும் பாடம் முழுவதும் கற்கப்பட்டதா என்ற கேள்விக்கு, பஜ்பெக்குத் தெற்கே, அதே செம்புரைக்கல் மேடுகளின் வரிசையில் அமைந்த மற்றொரு நிலையம் விடை கூறிற்று.

புக்கானன் அந்தக் கல்லை விவரித்த அங்காடிப்புறமும், கோழிக்கோட்டு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரும் இன்று ஒரே ஜில்லாவில், மலப்புறத்தில், இருக்கின்றன. 1988-இல் திறக்கப்பட்ட அந்த நிலையமும் வளைகுடாத் தொழிலாளரின் நிலையமே. 2020 ஆகஸ்டு 7-ஆம் தேதி இரவு, கொள்ளைநோய்க் காலத்தில் அயல்நாடுகளில் சிக்கியவர்களை அழைத்துவரும் ஏற்பாட்டின்கீழ் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344-ஆம் இலக்க விமானம், 190 பேரோடு அங்கே இறங்க முயன்றது. கனத்த மழை, முதல் முயற்சி கைவிடப்பட்டது. பின்னால் தள்ளும் காற்றோடு மறுகோடியிலிருந்து இறங்கியபோது, 8,858 அடிப் பாதையில் 4,438 அடி கடந்தே சக்கரங்கள் தரையைத் தொட்டன. மேலெழும்பும்படி துணை விமானி சொன்னார். தலைமை விமானி இறங்கினார். விமானம் முனையைத் தாண்டிச் சரிவில் விழுந்து பிளந்தது. தீப்பற்றாததே பெரும் பாக்கியம். இரு விமானிகள் உள்பட 21 பேர் இறந்தனர். நோய்த் தொற்றின் பயத்தையும் மழையையும் பாராமல் கொண்டோட்டிப் பிரதேசத்து மக்கள் ஓடிவந்து காயமுற்றவர்களைத் தங்கள் வாகனங்களிலேயே மருத்துவமனைகளுக்குக் கொண்டுசென்றதை நாடு நன்றியோடு கண்டது.

1981, 2010, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளில் நடந்தவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நிலமும் பருவமும் மனிதர்களும் மாறியும் முடிவு ஒன்றாகவே இருப்பது தெரியும்: மூன்றிலும் விமானம் பாதைக்குள் நிற்கவில்லை, பாதைக்கு அப்பால் பள்ளமே காத்திருந்தது. பின்னிரண்டில், சக்கரங்கள் மிகத் தாமதமாகத் தரையைத் தொட்டன. எச்சரித்த இளையவரின் சொல் ஏற்கப்படவில்லை. மேட்டின்மீது பழியைச் சுமத்திவிட்டு மனிதர்கள் தப்பித்துக்கொள்வது நியாயமன்று. ஏனெனில், அந்த ஓடுபாதைகளில் ஒவ்வொரு நாளும் திறமையுள்ள விமானிகள் பத்திரமாக இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதேபோல, இறந்துபோன விமானிகள்மீது முழுப் பழியையும் போட்டுவிட்டு நிலத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஒதுங்கிக்கொள்வதும் நியாயமன்று. பிழை செய்வது மனித இயல்பு. சமவெளியில் அந்தப் பிழை சக்கரங்களைச் சேற்றில் புதைக்கும், மேட்டில் அது 158 வீடுகளில் விளக்கை அணைக்கும். ஆகவே, இடம் குறுகுந்தோறும் ஜாக்கிரதை விரிய வேண்டும். முனைக்கு அப்பாலுள்ள ஒவ்வொரு மீட்டரும் ஓடுபாதையைப் போலவே இன்றியமையாததாகக் கருதப்பட வேண்டும்.

இன்று பஜ்பெ நிலையத்தின் நிர்வாகம் தனியார் கைக்கு மாறியிருக்கிறது. தேசமெங்கும் சிறிய ஊர்களுக்கு விமான நிலையங்கள் வேண்டுமென்ற கோரிக்கை எழுந்த வண்ணம் இருக்கிறது. நம் தமிழ்நாட்டு மலையடிவார ஊர்களும் அதற்கு விலக்கல்ல. அந்தக் கோரிக்கை நியாயமானதே. ஆனால் நிலத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே, அந்த நிலத்தில் வாழ்பவர்கள் சொல்லும் ஆட்சேபத்தைச் செவிமடுக்க வேண்டும். விசாரணை அறிக்கைகள் ஆங்கிலத்தில் மட்டும் அச்சாகி அலமாரிகளில் உறங்காமல், அந்தந்த ஊர் மக்களின் மொழியில் வெளிவர வேண்டும். ஒவ்வொரு பரிந்துரையும் நிறைவேறிற்றா இல்லையா என்பதை ஆண்டுதோறும் சட்டசபைகளும் பாராளுமன்றமும் கேட்க வேண்டும். கூளூர் ஆற்றங்கரையில் பெயர் அறியாமல் உறங்கும் பன்னிருவருக்கு நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி அதுவேயாகும். அதைக் கேட்கும் உரிமையும் கடமையும் விமானத்தில் ஏறுகிற, ஏறியவரை வழியனுப்புகிற ஒவ்வொருவருக்கும் உண்டு.